நான்கு வரி நோட்டீஸ்

அந்தத் தெருவில் யார் வீட்டு ஜன்னல் உடைந்தாலும் முதலில் பாப்பாவின் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். பந்து பட்டு உடைந்தது, காற்றில் கதவு அறைந்து உடைந்தது, சண்டையில் உடைந்தது என்று ஒவ்வொரு உடைசலுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும். கண்ணாடிக்காரர் கதை கேட்க மாட்டார். "நீளம் சொல்லுங்க, அகலம் சொல்லுங்க. யார் உடைச்சாங்கன்னு எனக்கு எதுக்கு?" என்பார். சண்டையில் உடைத்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு அந்தப் பேச்சே பாதி ஆறுதல்.

கடை என்று பேர். உண்மையில் அது ஒரு நீளமான அறை. சுவரோரம் மரச்சட்டங்களில் கண்ணாடி ஷீட்டுகள் செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும். நடுவில் பழைய கம்பளி விரித்த பெரிய மேசை. ஷீட்டை அதன்மேல் கிடத்தி, கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுப்பார். பிறகு கோட்டுக்கு நேர் கீழே ஒரு குச்சியை வைத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஓர் அழுத்து. 'டக்'. வெண்ணெயை வெட்டினாற்போலப் பிரியும். முப்பது வருஷமாக அந்த 'டக்'கில்தான் குடும்பம் ஓடியது. கையில் வெட்டுத் தழும்பு இல்லாத இடமே கிடையாது. எந்த நாளிலும் இரண்டு விரலிலாவது பிளாஸ்திரி இருக்கும்.

அம்மா ரொட்டி ஃபாக்டரியில் பேக்கிங் வேலை பார்த்தாள். காலை ஷிப்ட். வீடு திரும்பும்போது அவள் புடவையிலிருந்து சுட்ட மாவின் வாசனை வரும். எந்திரம் ஒதுக்கிப் போடும் ஓரத்துண்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு வருவாள். ரொட்டிக்கு நடுப்பாகம் என்று ஒன்று இருப்பதே பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும்.

பத்தொன்பது வயதாகியும் அவள் வீட்டுக்குப் பாப்பாதான். கல்லூரியில் புள்ளியியல், இரண்டாவது வருஷம். அங்கே அவளுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தந்தது, மாமா உபயோகித்துவிட்டுத் தூக்கிக் கொடுத்த பழைய லேப்டாப். திறந்த ஐந்தாவது நிமிடம் அதற்குள் இருக்கும் காற்றாடி உறும ஆரம்பிக்கும். மூடி நிற்காது. பின்னால் புத்தகம் முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு நாள் வகுப்பு முழுக்க அமைதியாக இருந்தபோது அது உறுமிய உறுமலில் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், "ஒதுங்குங்கப்பா, ஹெலிகாப்டர் இறங்குது" என்றான். மறுநாளிலிருந்து அவள் ஹெலிகாப்டர். "ஹெலிகாப்டர், நோட்ஸ் இருக்கா?" "ஹெலிகாப்டர், டீ குடிக்க வர்றியா?" யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். இதற்கு அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது.

அந்த லேப்டாப் ஒரு திங்கட்கிழமை, எல்லார் முன்னாலும் அவள் நின்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கறுத்துப்போய் அணைந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்த வாரமே துறை அறிவிப்புப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த ஆண்டு முதல் எல்லாருக்கும் சொந்த லேப்டாப் வேண்டும் என்பது முதல் வரி. எட்டு ஜிபி மெமரி, எஸ்எஸ்டி இருந்தால் போதும் என்பது இரண்டாவது. எந்த நிறுவனமானாலும் சரி என்பது மூன்றாவது. நல்ல நிலையில் இருக்கும் பழைய லேப்டாப்பும் போதும், மாணவர்கள் வீண் செலவு செய்ய வேண்டாம் என்பது நான்காவது. பாப்பா மூன்று முறை படித்தாள். செல்போனில் படமும் எடுத்துக்கொண்டாள். பிறகு வகுப்புக்குப் போனாள். முன்வரிசையில் மூன்று பேர் வெள்ளி நிறத்தில் மெல்லிசான லேப்டாப்பை ஒரே மாதிரி திறந்து வைத்திருந்தார்கள். சத்தமே இல்லை. சாவிகளில் விரல் விழுவதுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை, அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பாப்பா டீயில் ரொட்டியைத் தோய்த்தபடி சொன்னாள்.

"அப்பா, காலேஜ்ல எல்லாரும் லேப்டாப் வாங்கியே ஆகணுமாம். நோட்டீஸ் போட்டுட்டாங்க."

"வாங்கிடுவோம். எந்த மாதிரி?"

"அவங்களே சொல்லியிருக்காங்க. ஒரு மாடல் இருக்கு. மெல்லிசா, மெட்டல் உடம்பு. அதுக்குக் கீழ இருந்தா சாஃப்ட்வேர் ஓடாதாம்."

அவள் விலையைச் சொன்னதும் அம்மா புடவை மடிப்பைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள்.

"என்னடி, மோட்டார் சைக்கிளா வாங்கப் போற?"

"நானாம்மா சொல்றேன்? காலேஜ்ல சொல்றாங்க."

அப்பா ஒரு துண்டு ரொட்டியைத் தின்று முடித்தார். "குறைச்சலானது ஒண்ணு இருக்குமே? மாமா வச்சிருந்தானே, அந்த மாதிரி?"

"அது ஓடாமத்தானே போச்சு?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அம்மாவின் பக்கம் திரும்பினார். "கேளு. நாலு மில்லி கண்ணாடி போடற இடத்துல நாலு மில்லி போதும். எட்டு மில்லி வேணும்னு இன்ஜினியர் எழுதிக் குடுத்தா எட்டுதான் போடணும். காசு மிச்சம் பாத்து நாலு போட்டோம்னா ஒரு காத்துக்குக் காணாது. படிச்சவங்க யோசிக்காமலா எழுதுவாங்க?"

பாப்பா டம்ளருக்குள் பார்த்தாள். ரொட்டி கரைந்து அடியில் தங்கியிருந்தது.

அந்தக் காசுக்கு அப்பா கண்டுபிடித்த வழி, பாப்பா கனவிலும் நினைக்காதது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டின் இரண்டாவது மாடி ஜன்னலில், ஏணியில் நின்றபோது அவருக்குத் தலை சுற்றியது. விழுந்தது பால்கனிக்குள் என்பதால் தோள்பட்டையோடு போயிற்று. அன்றைக்கே அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இனிமேல் உயரத்து வேலை கிடையாது என்று. அதன் பிறகு அவர் தரையில் நின்று செய்கிற வேலையைத் தவிர எதையும் ஏற்கவில்லை. இப்போது பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டு நெடுக ஜன்னல். ஆறு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று மேஸ்திரியிடம் பேசி, முன்பணம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்த அன்று விடிகாலையிலேயே அடுக்களையில் பேச்சு ஆரம்பித்தது. பாப்பா படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மேல ஏற மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆறே ஞாயிறு. இடுப்புல கயிறு கட்டிக்கிறேன்."

"தலை சுத்தினா கயிறு வந்து தண்ணி குடுக்குமா?"

"மெதுவாப் பேசு. பாப்பா முழிச்சுக்கப் போறா."

"முழிக்கட்டும். அவளுக்கும் தெரியணும்."

"தெரிஞ்சா வேண்டாம்னுடுவா. படிக்கிற பொண்ணு மனசுல அதெல்லாம் எதுக்கு?"

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நாலே எட்டு வைத்தால் அடுக்களை. பாப்பா போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். முதல் ஞாயிறு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சொன்னபோது பரீட்சை என்றாள். இரண்டாவது ஞாயிறு வயிற்றுவலி என்றாள். ஒரு பொய்க்கு எத்தனை பொய் தேவைப்படுகிறது என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. அப்பா இரண்டு ஞாயிறும் சாயங்காலம் வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் கொஞ்ச நேரம் கையைத் தொடையின்மேல் வைத்துக்கொண்டிருந்தார். "காத்து ஜாஸ்தி. ஷீட்டைத் தூக்கினா பாய்மரம் மாதிரி இழுக்குது" என்று சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் பாப்பாவும் லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தலையைப் படிய வாரியிருந்தார். காது ஓரத்தில், கண்ணாடி பதிக்கிற புட்டிப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. பஸ்ஸில் அதைக் கவனித்த பாப்பா, தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அப்பா குழந்தை மாதிரி காதைக் காட்டினார்.

பெரிய கடை. கீழே மின்விசிறியும் துணி துவைக்கும் எந்திரமும். மாடியில் லேப்டாப். பாப்பாவுக்கு வேண்டியது நடு மேசையிலேயே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனைப்பெண் ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். நின்று நின்று கால் வலிக்கும் போலிருக்கிறது, ஒரு செருப்பைக் கழற்றி அந்தப் பாதத்தை மற்றதன்மேல் வைத்துக்கொண்டு பேசினாள்.

"என்ன படிக்கிறம்மா?"

"புள்ளியியல். செகண்ட் இயர்."

"கேம் விளையாடுவியா? வீடியோ எடிட் பண்ணுவியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு இது?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். "என் தங்கச்சி அதே படிப்புதான் முடிச்சா. இங்க வா, இதைப் பாரு. எட்டு ஜிபி, எஸ்எஸ்டி எல்லாம் இருக்கு. பின்னால மெமரி பத்தலைன்னா கூட்டிக்கலாம். நீ பாக்கறியே, அதுல கூட்டவே முடியாது. உள்ளேயே ஒட்டி வச்சிருப்பாங்க. இது பிளாஸ்டிக் உடம்புதான், கொஞ்சம் கனம். ஆனா உழைக்கும். விலை அதுல பாதி சார்."

'சார்' என்றது அப்பாவை. அவர் பாப்பாவைப் பார்த்தார்.

"பாப்பா, காலேஜ்ல என்ன சொன்னாங்க?"

"இதுதான்பா. இதுக்குக் கீழ ஓடாது."

"அப்படியெல்லாம் இல்ல சார்" என்றாள் அந்தப் பெண். "யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. நோட்டீஸ் குடுத்திருப்பாங்களே, இருக்காம்மா? காட்டு, நான் பாத்துச் சொல்றேன்."

நோட்டீஸ் பாப்பாவின் கையில் இருந்த செல்போனிலேயே இருந்தது. விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் வந்து நிற்கும்.

"கொண்டு வரல" என்றாள்.

"பரவாயில்ல சார். நான் சொல்றேன், இதை எடுங்க. வீணா எதுக்கு அவ்வளவு காசு?"

அங்கேதான் அப்பாவுக்குச் சுருக்கென்று ஏதோ தைத்தது. அவர் தன் கையைப் பார்த்தார். மூன்று விரலில் பிளாஸ்திரி. மேசை விளக்கு வெளிச்சத்தில் தழும்புகள் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன.

"ஏம்மா, என் கையைப் பாத்துட்டுத்தானே சொல்ற?"

"ஐயோ, இல்ல சார்..."

"இந்த ஆளால அதை வாங்க முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. எல்லாரும் வாங்கறதை என் பொண்ணு வாங்கக் கூடாதா? பிளாஸ்டிக் போதுமா எங்களுக்கு? நான் உன்கிட்டக் கடன் கேட்டேனா?"

அவர் எப்போதும் கத்துகிற மனிதர் இல்லை. அதனால் அவருக்கு அளவாகக் கத்தத் தெரியவில்லை. மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் ஓடி வந்தார். வந்த வேகத்தில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம், "கஸ்டமர் கேக்கறதைக் காட்டுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உன் யோசனையை யாரு கேட்டா?" என்றார்.

அந்தப் பெண் பாப்பாவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நீ சொல்லேன் என்கிற மாதிரி. பாப்பாவும் அவளைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த லேப்டாப்பின் பக்கம் திரும்பி, அதன் சாவிகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் கழற்றிய செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

லேப்டாப் வீட்டுக்கு வந்தது. அம்மா முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுனு இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அப்பா பஸ்ஸிலிருந்தே ஒரு மாதிரி இருந்தார். "அந்தப் பொண்ணைக் கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசிட்டேனோ?" என்று ஒரு தடவை கேட்டார். பாப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனாலும் ஆளைப் பாத்து எடை போடறது தப்புதானே" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவள், "அட, புதுசா!" என்றாள். உடனே பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது: "டேய், ஹெலிகாப்டர் புது லேப்டாப் வாங்கிட்டாடா!" எல்லாரும் கை தட்டினார்கள். அவ்வளவுதான். பெயர் போகவில்லை. பிறகு ஆசிரியை கொடுத்த கணக்கைப் போட்டார்கள். இரண்டு மேசை தள்ளி ஒருத்தி, தடித்த கறுப்புப் பழைய லேப்டாப்பில், முன்பு யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மிச்சத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே அதே கணக்கை முதலில் முடித்தாள். பாப்பாவின் லேப்டாப் சத்தமே போடவில்லை. அந்த அமைதியில் மேனேஜரின் குரல்தான் அவளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது.

புதன்கிழமை கல்லூரி விட்டதும் அவள் தனியாக அந்தக் கடைக்குப் போனாள். மாடியில் வேறொரு பையன் நின்றான். கேட்டதற்கு, "அவங்க குடோனுக்குப் போயிட்டாங்க. பின்பக்கம்" என்றான்.

பின்பக்கத்தில் லாரி நிற்கும் இடத்துக்கு அருகே, அட்டைப்பெட்டி மலைகளுக்கு நடுவில் அவள் நாற்காலிமேல் ஏறி நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பாப்பாவைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. இறங்கினாள்.

"என்ன, லேப்டாப் ரிப்பேரா?"

"இல்லக்கா. நீங்க சொன்னதுதான் சரி. நோட்டீஸ்ல அப்படித்தான் இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். உங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

"எனக்கும் அப்பவே தெரியும்" என்றாள் அவள். "உன் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு."

பாப்பாவுக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் இரங்கவில்லை.

"இந்தா, அழாத. நான் உன்னைச் சமாதானம் பண்ணணுமா இப்போ? விலை ஜாஸ்தியா இருக்கறதை வித்தா எனக்குக் கமிஷன் ஜாஸ்தி, தெரியுமா? வாயை மூடிக்கிட்டுப் பில் போட்டிருந்தா எனக்குத்தான் லாபம். உங்க அப்பா காதைப் பாத்தேன். பசை ஒட்டியிருந்தது. எங்க அண்ணனும் கட்டட வேலைதான். மனசு கேக்கல, சொல்லிட்டேன். இப்போ கமிஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெட்டி எண்றேன்."

துடைத்தும் முழுக்கப் போகவில்லை போலிருக்கிறது என்று பாப்பா நினைத்தாள். அந்த நினைப்பே அவளைக் கூசவைத்தது.

"நான் மேனேஜர்கிட்ட வந்து சொல்லட்டுமாக்கா?"

"நீ ஒரு சின்னப் பொண்ணு. தனியா வந்து சொன்னா, நான்தான் உன்னைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்னு நினைப்பார். இங்க வந்து சொன்னா உன் பாரம் இறங்கும், எனக்கு என்ன இறங்கும்? கத்தினது யாரு? அவருகிட்டப் போய்ச் சொல்லு முதல்ல." மறுபடியும் நாற்காலியில் ஏறிக்கொண்டாள். "எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பாப்பா நேராக அப்பாவின் கடைக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. அப்பா மேசைமேல் பெரிய ஷீட்டைக் கிடத்திக் கட்டரை வைத்திருந்தார். நின்றால் தைரியம் போய்விடும் என்று, நுழைந்தவுடனேயே சொன்னாள்.

"அப்பா, காலேஜ்ல அந்த லேப்டாப்பைச் சொல்லவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

இழுக்க ஆரம்பித்த கோட்டை நடுவில் நிறுத்தினால் ஷீட் வீண். அவர் கடைசிவரை இழுத்தார். குச்சியை வைத்து அழுத்திப் பிரித்தார். இரண்டு பாதியையும் தூக்கிச் சட்டத்தில் சாய்த்து வைத்தார். பிறகுதான் திரும்பினார்.

"நோட்டீஸ்ல என்ன போட்டிருந்துச்சு?"

அவள் செல்போனை நீட்டினாள்.

"நீயே படி. என் மூக்குக்கண்ணாடி வீட்டுல இருக்கு."

அவள் படித்தாள். வெறும் நான்கு வரி. "இன்னொரு தடவை படி" என்றார். இரண்டாவது தடவை, 'வீண் செலவு செய்ய வேண்டாம்' என்ற இடத்தை வேகமாகப் படித்துத் தாண்டினாள்.

"அப்போ அந்தப் பொண்ணு சொன்னது சரி."

"சரிப்பா."

"அது சொல்லும்போதே உனக்குத் தெரியும்."

"தெரியும்பா."

"நான் கத்தும்போது?"

பாப்பா செல்போனைப் பைக்குள் போட்டாள். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். ஆறு மாடியைச் சொல்வார், தோள்பட்டையைச் சொல்வார் என்று நினைத்தாள். அவர் அதையெல்லாம் எடுக்கவே இல்லை.

"என் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா. நான் வாயை மூடியிருப்பேன். அது எனக்கு நல்லது சொல்லுச்சு. நான் ஊரைக் கூட்டி அதை..." முகத்தை ஒரு கையால் தேய்த்தார். "இப்போ எங்க இருக்கு அது?"

"குடோன்ல. பெட்டி எண்ணச் சொல்லிட்டாங்க. கமிஷன் கிடையாதாம்."

அவர் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பாப்பா சொல்லத் துணியவில்லை.

மேனேஜருக்கு அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "சார், மறுபடியும் ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை என் பேர்லதான். அன்னைக்கு இருந்த அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

"அவங்க இந்தப் பிரிவுலயே இல்ல சார் இப்போ. இனிமே உங்களுக்குத் தொந்தரவு..."

"கூப்பிடுங்க சார்."

அவள் தலைமுடியில் அட்டைத் தூசியோடு வந்து நின்றாள். அப்பா நடு மேசைக்குப் பக்கத்தில், அன்றைக்கு நின்ற இடத்திலேயே போய் நின்றுகொண்டார். குரலையும் அன்றைக்கு உயர்த்தின அளவுக்கே உயர்த்தினார். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"போன சனிக்கிழமை இங்க நின்னு இவங்களை நான் கண்டபடி பேசினேன். இவங்க சொன்னது அத்தனையும் சரி. நான் பேசினது அத்தனையும் தப்பு. எனக்குக் காசு மிச்சமாகட்டும்னுதான் சொன்னாங்க. இவங்க பேர்ல எந்தத் தப்பும் கிடையாது." பிறகு அவளிடம், குரலை இறக்கி, "மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அப்பா பாப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நான் பேசினதுக்கு நான் சொல்லிட்டேன். நீ பேசாம நின்னதுக்கு நீ சொல்லு."

பாப்பா சொன்னாள். உதடு அசைந்தது அவளுக்கே தெரிந்தது.

"கேக்கல" என்றாள் அந்தப் பெண். கோபமாக இல்லை. மேனேஜரைக் கண்ணால் காட்டினாள். அவர் காதில் விழ வேண்டுமே என்பது போல.

"நான் பொய் சொன்னேன்" என்றாள் பாப்பா, இந்த முறை உரக்க. கீழே வாங்கிய மின்சாரக் கெட்டில் பெட்டியோடு போன ஒருவர் நின்றுவிட்டார். "காலேஜ்ல பழசே போதும்னுதான் போட்டிருந்தாங்க. நோட்டீஸ் என் போன்லயே இருந்துச்சு. அக்கா கேட்டாங்க, இல்லைன்னுட்டேன். அவங்க திட்டு வாங்கறதைப் பாத்துக்கிட்டே நின்னேன்."

காது மடல் எரிந்தது. அந்தக் கடையின் தரை முழுக்க எவ்வளவு வெளிச்சம் என்று அப்போதுதான் கவனித்தாள். ஒளிந்துகொள்ள ஒரு நிழல் இல்லை.

"சரி" என்றாள் அந்தப் பெண். அப்பாவிடம், "நீங்க கத்தினது எனக்குப் பெருசா இல்ல சார். வாரத்துக்கு ஒருத்தர் கத்துவாங்க. இவ என்னைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டா பாருங்க, அதுலதான் நாலு நாளா சாப்பாடு இறங்கல" என்றாள்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். பெட்டி பிரித்தாகிவிட்டது, பழுது இருந்தால் ஒழிய திருப்பி எடுக்க முடியாது என்று ஆரம்பித்தார். "அதைக் கேக்க வரல" என்றார் அப்பா.

"அவங்களை ஒண்ணாம் தேதியிலேருந்து பழைய இடத்துக்கே போட்டுடறேன் சார்."

"ஒண்ணாம் தேதி வரைக்கும் எதுக்கு சார்?" என்றாள் அந்தப் பெண். "நாற்காலி ஏறி இறங்கி எனக்கு முட்டி தேயுது. நாளைக்கே வந்துடறேன்."

கெட்டில்காரர் சிரித்துவிட்டார். மேனேஜரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

வீட்டில் அம்மாவிடம் பாப்பாவே சொன்னாள். அம்மா பாதி கேட்கும்போதே ரொட்டி அறுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலையைப் பற்றியும் இல்லை. "மேல ஏறினாரேடி" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் பாப்பாவோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் எப்போதும்போலக் கட்டிக் கொடுத்தாள்.

"இப்பத்தான் தேவை இல்லைன்னு ஆயிடுச்சே, அந்தக் கட்டட வேலையை விட்டுடுங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"முன்பணம் வாங்கிட்டேன். இன்னும் மூணு ஞாயிறு பாக்கி. வாங்கிட்டு வர மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

பாப்பா லேப்டாப்பை விற்றுவிடுவதாகச் சொன்னாள். "பாதி விலைக்குக் கேப்பான். பாதிக் காசு வீணாப் போகணுமா? வச்சுப் படி" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. காற்று விடவில்லை. மதியம் அம்மா சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து பாப்பாவின் மடியில் வைத்தாள். மூன்று நாளில் முதல் பேச்சு. "கொண்டு போய்க் குடு. குடுத்துட்டு உடனே வராத. நின்னு பாத்துட்டு வா."

கட்டடம் தூரத்திலிருந்தே தெரிந்தது. பாப்பா வாசலில் குவிந்திருந்த மணலைத் தாண்டிப் போய் அண்ணாந்து பார்த்தாள். ஐந்தாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, இரண்டு கயிற்றில் தொங்கும் பலகையின்மேல் அப்பா நின்றார். இவ்வளவு சின்னதாக அவரை அவள் பார்த்ததே இல்லை. உள்ளேயிருந்து யாரோ ஒரு ஷீட்டை நீட்ட, அவர் இரண்டு கையாலும் வாங்கினார். காற்று வந்தது. ஷீட்டோடு அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். பலகை சுவரை விட்டு ஒரு முழம் விலகி, சட்டை முதுகில் புடைத்தது. அவர் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, நெற்றியை அதன்மேல் சாய்த்து, அப்படியே நின்றார். காற்றுக்காகத்தான் காத்திருந்தாரா, தலைதான் சுற்றியதா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

பாப்பாவின் கழுத்து தானாகவே வேறு பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தது. மணலைப் பார்க்கலாம். செங்கலைப் பார்க்கலாம். சாப்பாட்டுப் பையின் முடிச்சைப் பார்க்கலாம். அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பார்வையை மேலேயே வைத்திருந்தாள்.

காற்று தணிந்தது. பலகை சுவரோடு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் ஷீட்டைச் சட்டத்தில் பொருத்தி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தவர் தற்செயலாகக் கீழே பார்த்தார்.

"பாப்பா!" என்று மேலேயிருந்து கத்தினார். "அங்க நிக்காத! கண்ணாடி நழுவினா நேரா தலையில விழும். அந்தத் தண்ணித் தொட்டிகிட்டப் போய் நில்லு!"

அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்தும் அவர் தெரிந்தார்.